பிள்ளை மனோதத்துவம் படிக்கட்டும், திட்டமிட்டுப் படிக்கட்டும்

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், அம்பர்நாத்திலும் நம்மவர் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "சயின்ஸா, காமர்ஸா?" மூன்றாவதாக ஆர்ட்ஸ் என்று ஒரு பிரிவு இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. வந்தாலும், "மார்க் குறைந்தால் அதில் தள்ளிவிடலாம்" என்ற எண்ணத்தோடுதான் வருகிறது.

இந்த எண்ணத்தினால் நம் பிள்ளைகளின் கைநழுவிப் போகும் படிப்புகளுள் ஒன்று உளவியல். மனோதத்துவம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இன்று இதன்மேல் ஆசைப்படும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பெருகி வருகிறார்கள். பெற்றோர்களோ இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரி படிப்பு நமக்கெதற்கு?" என்று தடுப்பவர்கள் ஒரு கட்சி. "ஏதோ ஒரு டிகிரி, முடித்தால் சரி" என்று விட்டுவிடுபவர்கள் மறு கட்சி.

இரண்டுமே தவறு. ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. ஆனால் எந்த ஊருக்குப் போகிறோம், எங்கே வண்டி மாற வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் ஏற்றிவிடவும் கூடாது. பத்தாம் வகுப்பிலேயே கடைசி ஸ்டேஷன் வரை கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய படிப்பு இது.

தேவை இருக்கிறதா?

"படித்தால் வேலை கிடைக்குமா?" என்று சம்பளக்காரன் கேட்பது நியாயமே. முதலில் அதைப் பார்ப்போம்.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அதாவது 10.6 சதவீதத்தினர், ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தனர். நோய்க்குத் தக்கபடி, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சையே பெறவில்லை. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசு 'டெலி-மானஸ்' என்ற இலவசத் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. அதன் எண் 14416. தமிழிலும் பேசலாம். தமிழில் கேட்டுப் பதில் சொல்ல, தமிழ் தெரிந்தவர்கள் படித்து வந்தால்தானே முடியும்?

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூக சேவகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் கண்ட வழிமுறைகளில் ஒன்று.

ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அசிஸ்டெண்ட் லோகோ பைலட், ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் மூலம் நடக்கும் மனத்திறன் சோதனையின் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 'டி-ஸ்கோர்' பெற வேண்டும். லட்சுமணபுரியிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே ஒரு மனத்தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று அறிந்த இலாகா, மனோதத்துவத்தை வீண் படிப்பாக எண்ணவில்லை.

இது நேற்று முளைத்த படிப்பும் அல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916லேயே இதற்குத் தனித் துறை ஏற்பட்டது. மைசூரில் 1924ல் எம்.வி.கோபாலசுவாமி இத்துறையைத் தொடங்கினார். நூறாண்டு கடந்த படிப்பை நாம் இன்னும் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பதினொன்றாம் வகுப்பு

மகாராஷ்டிர போர்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் ஆர்ட்ஸ் பிரிவில் உளவியலை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் எல்லா ஜூனியர் காலேஜிலும் அது கிடையாது. வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரு காலேஜின் பெயரை எழுதிவிட்டு, சேர்ந்த பிறகு "இங்கே சைக்காலஜி இல்லையாமே" என்று வருந்திப் பயனில்லை. விருப்பப் பட்டியலை எழுதுமுன் அந்தக் காலேஜில் உளவியல் உண்டா என்று நேரில் கேட்டுவிட வேண்டும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இதன் பாட எண் 037. தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் உளவியல் உண்டு. அதன் எண் 328. இடையில் படிப்பு நின்றுபோய் வேலைக்குச் சென்ற பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

பிளஸ் டூவில் உளவியல் படிக்காவிட்டால் பட்டப் படிப்புக்குப் போக முடியாதா? பெரும்பாலான பி.ஏ. வகுப்புகளில் அப்படிக் கட்டாயமில்லை. சயின்ஸ் படித்தவரும் காமர்ஸ் படித்தவரும் சேரலாம். ஆனால் கணக்கை அறவே விட்டுவிடுவது நல்லதல்ல. உளவியலில் புள்ளியியல் ஒரு பெரும் பகுதி. சோதனைக்கூடப் பயிற்சியும் உண்டு. "கணக்கு வராது, அதனால் சைக்காலஜி" என்று வந்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் திணறுவது சகஜம். மூளை, நரம்பு பற்றிய பாடமும் இருப்பதால் உயிரியல் படித்தவருக்கு அது கைகொடுக்கும்.

மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு தடை ஆங்கிலம். பதினொன்றாம் வகுப்பில் சேருமுன் உள்ள இரண்டு மாத விடுமுறையைப் பகுதி நேர வேலைக்கு அனுப்பிக் கழிக்காமல், ஆங்கிலப் புத்தகம் வாசிக்கப் பழக்கினால் பிற்பாடு பயன் தெரியும்.

பட்டம் எத்தனை ஆண்டு?

இங்கேதான் குழப்பம் அதிகம். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி யு.ஜி.சி. வகுத்த முறைப்படி, மூன்று ஆண்டு முடித்தால் பட்டம். நான்கு ஆண்டு முடித்தால் ஆனர்ஸ் பட்டம். மூன்றாண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் எம்.ஏ. இரண்டு வருடம், நான்காண்டு படித்தவருக்கு ஒரே வருடம். ஆக மொத்தம் ஐந்து வருடம் என்பது மாறவில்லை.

நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டுவது நாம் என்பதால், மூன்றாம் ஆண்டோடு நிறுத்தி வேறு நல்ல கல்லூரியில் எம்.ஏ. சேர்வதா, அதே கல்லூரியில் நான்காம் ஆண்டு தொடர்வதா என்பதை இரண்டாம் ஆண்டிலேயே பேசி முடிவு செய்வது நல்லது.

மும்பையில் இதற்கு இடமில்லாமல் இல்லை. மாட்டுங்கா ரூயா கல்லூரி போன்றவற்றில் உளவியல் துறை இருக்கிறது. மேற்படிப்புக்கு, செம்பூரை அடுத்த தேவ்னாரில், 1936ல் தோன்றிய டாடா சமூக விஞ்ஞான நிலையம் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, 2022 முதல் நடக்கும் 'கியூட்' பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது

பி.ஏ. உளவியல் முடித்ததும் போர்டு மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாததுதான் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் பெரிய தீங்கு.

மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு. அவர் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எம்.ஏ.வுக்குப் பின் இரண்டாண்டு எம்.பில். படித்து இந்தப் பதிவைப் பெறுவதே நெடுங்காலமாக வழக்கம். ஆனால் எம்.பில். சேர்க்கை 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே என்று யு.ஜி.சி. 2024 ஜனவரியில் அறிவித்துவிட்டது. அதற்கு மாற்றாகப் புதிய படிப்புகளைக் கவுன்சில் வகுத்து வருகிறது. ஆகவே "அக்கா எம்.பில். படித்தாள், நீயும் படி" என்று இனிமேல் சொல்ல முடியாது. எந்தக் கல்லூரியின் எந்தப் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறது என்று சேரும் வருடத்தில் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். "மூன்று மாதத்தில் கவுன்சிலர் ஆகலாம்" என்ற விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

மூடப்பட்ட வாசல்

நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் வேதனை தருவது அடுத்த செய்தி. பகலில் ஆபீஸ், இரவில் படிப்பு என்று அஞ்சல் வழிக் கல்வியால் முன்னேறிய குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர். உளவியலுக்கு அந்த வாசல் இப்போது இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலை வழியிலும் ஆன்லைன் வழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டது. சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் உளவியலும் அடங்கியதே இதற்குக் காரணம்.

இந்த உத்தரவில் நியாயம் இல்லாமல் இல்லை. அழுதுகொண்டிருக்கும் ஒருவர் முன் உட்கார்ந்து எப்படிக் கேட்பது என்பதைத் தபாலில் வரும் புத்தகம் கற்றுத் தராது. சோதனைக்கூடமும் மேற்பார்வையும் வேண்டும். ஆனால் வாசலை மூடியவர்கள் மாற்று வழியைத் திறந்தார்களா? பகல் கல்லூரிக்குப் போக முடியாத மில் தொழிலாளியின் மகளும், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் இளைஞனும் என்ன செய்வார்கள்? அரசுக் கல்லூரிகளில் மாலை நேர உளவியல் வகுப்பு தொடங்குவதே இதற்குச் சரியான பரிகாரம். தரத்தின் பெயரால் ஏழையை வெளியே நிறுத்துவது தரமாகாது.

ஊர் மாறினால்?

நாம் ஊர் மாறிப் பிழைப்பவர்கள். தகப்பனாருக்கு டிரான்ஸ்பர் வரும்; கம்பெனி மூடும்; பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று குடும்பமே திருநெல்வேலிக்குத் திரும்பும். நடுவில் கல்லூரி மாறுவது எப்படி?

கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021ல் 'அகாடமிக் பேங்க்' என்ற ஏற்பாடு வந்தது. பாங்கில் பணம் போல, படித்த கிரெடிட்டுகள் மாணவர் கணக்கில் இருக்கும். ஏழாண்டு வரை செல்லும். ஆனால் பணம் இருப்பதாலேயே வீடு கிடைத்துவிடாது அல்லவா? புதிய கல்லூரியில் காலியிடம் வேண்டும். பாடத்திட்டம் பொருந்த வேண்டும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதிக் கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாண்டு முடித்துவிட்டு மாறினால் இந்தக் கணக்கு இடிக்கும். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் முதல் ஆண்டு முடிவில் மாறுவதே பத்திரம்.

மாநிலத்துக்கு மாநிலம் முறையும் வேறு. மகாராஷ்டிரம் நான்காண்டு முறையை ஏற்றது. கர்நாடகம் 2024ல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. மூன்றாண்டுதான், அதில் முதல் பகுதி மொழிப்பாடம், இரண்டாம் பகுதி ஆங்கிலம். இங்கே அந்த மொழித் தாள்களைப் படிக்காத பிள்ளை, அங்கே சேர்ந்தபின் விட்ட தாள்களைச் சேர்த்து எழுத நேரிடலாம்.

ஆகவே மார்க் ஷீட், டி.சி., மைக்ரேஷன் சர்டிபிகேட், வருகைச் சான்று, கல்லூரி முத்திரை பெற்ற பாடத்திட்டப் பிரதி ஆகியவற்றை ஒவ்வொரு செமஸ்டரும் ஒரே பையில் சேர்த்து வைக்க வேண்டும். புதிய கல்லூரி எழுத்து மூலம் இடம் உறுதி செய்யும்வரை பழைய கல்லூரியில் டி.சி. வாங்கவே கூடாது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பெண் டி.சி.யை முதலில் வாங்கிவிட்டு, இரண்டு கல்லூரிக்கும் நடுவே ஒரு முழு வருடத்தை இழந்தாள். அவள் மார்க்கில் ஒரு குறையும் இல்லை. சொல்லித் தர ஆள் இல்லாததே குறை.

செய்ய வேண்டியது

பெற்றோர்க்குச் சொல்வது இதுதான். "ஐந்து வருடம், அதன்பின் பயிற்சி; அதுவரை தாங்குவோமா?" என்று குடும்பக் கணக்கைப் பிள்ளையிடம் திறந்து சொல்லுங்கள். தாங்க முடியாதென்றால் பட்டத்துக்குப் பின் வேலைக்குச் சென்று, பணம் சேர்த்து மேற்படிப்பு படிப்பதும் கௌரவமான வழியே. பட்டதாரிக்கான ரயில்வே, பாங்க் பரீட்சைகளை உளவியல் பட்டதாரியும் எழுதலாம்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் சங்கங்கள், பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் இரண்டு மேஜை போட்டு, படித்த பிள்ளைகளை உட்கார வைத்து, வருபவர்களுக்கு வழி சொல்லட்டும். செலவு ஒரு மைக் செட் வாடகைகூட ஆகாது.

அரசுகளுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை நிமித்தம் மாநிலம் மாறும் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் சில இடங்களையாவது ஒதுக்கி, மொழித் தாளில் விலக்கு அளிக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து, பேச ஆளில்லாமல் மனத்துக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் கஷ்டத்தை அவன் தாய்மொழியிலேயே கேட்டுத் தேற்ற, அவன் சேரியிலிருந்தே ஒரு பிள்ளை படித்து வந்தால் அதைவிட நல்ல வைத்தியம் வேறில்லை.