மொழிமுற்றம்: 'வந்தாய்' என்பதும் 'வந்தமை' என்பதும்

எம்மிடம் முன்னர் பிரெஞ்சு மொழியின் முதற்பாடங்களைப் பயின்று, இப்பொழுது பாரிஸ் நகரில் வாழும் மாணவர் ஒருவரிடமிருந்து அண்மையில் ஒரு கடிதம் கிடைத்தது. நலம் உசாவும் நான்கு வரிகளுக்குப் பின்னர் அவர் நேரே வழக்குக்கு வந்துவிட்டார். அங்கே அவர் தோற்றிய பரீட்சை ஒன்றில், நண்பனுக்கு ஒரு கடிதம் வரையும்படி கேட்டிருந்தனராம். "நீ என் தங்கையின் திருமணத்துக்கு வந்தது எனக்கு மகிழ்ச்சி" என்னும் பொருள்பட இவர் எழுதிய வாக்கியத்தின் வினைச்சொல்லைத் திருத்துநர் சிவப்பு மையாற் சுழித்துப் புள்ளியையும் குறைத்துவிட்டார்.

"ஐயா, நண்பன் வந்தது உண்மை. அதனை நான் ஐயுறவில்லை. சுப்ஜோங்க்திஃப் என்னும் வினைப்பாங்கு ஐயத்துக்கு உரியது என்று தாங்கள் கற்பித்தீர்கள். ஐயமே இல்லாத இடத்தில் அதனை எழுதாமல் விட்டது எங்ஙனம் பிழையாகும்?" என்பது அவர் கேள்வி.

கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான மறுமொழி, பிழை எம்முடையது என்பதே. எமக்குக் கற்பித்தவர்கள் சொன்ன சுருக்க விதியை நாமும் ஆராயாமற் பல ஆண்டுகள் சொல்லிவந்தோம். அது பாதி உண்மை. பரீட்சையிற் பாதி உண்மைக்கு முழுப் புள்ளி கிடைப்பதில்லை. ஆதலின் இவ்வாரம் பிரெஞ்சு மொழியின் இறந்தகாலச் சுப்ஜோங்க்திஃபை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழெழுத்து ஏறக்குறையவே காட்டும் என்பதை மட்டும் நேயர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இரண்டு வாக்கியங்களை ஒப்புநோக்குவோம்.

ஜெ ஸே கெ தியு ஏ வெனியு: நீ வந்தாய் என்பதை நான் அறிவேன்.

ஜெ சுயி கோந்தான் கெ தியு சுவா வெனியு: நீ வந்தமை எனக்கு மகிழ்ச்சி.

வந்தவனும் ஒருவனே, வந்த நாளும் ஒன்றே, உண்மையும் ஒன்றே. எனினும் முதல் வாக்கியத்தில் 'ஏ' என நின்ற துணைவினை, இரண்டாம் வாக்கியத்திற் 'சுவா' என மாறிவிட்டது. ஏன்? முதல் வாக்கியம் வந்த செய்தியைச் செய்தியாகவே கூறுகின்றது. இரண்டாம் வாக்கியம் அச்செய்தியைக் கூறவில்லை; அது இருவருக்கும் தெரிந்ததே. கூறப்படுவது மகிழ்ச்சி. வருகை அம்மகிழ்ச்சிக்குக் கீழ்ப்பட்டு நிற்கின்றது. சுப்ஜோங்க்திஃப் என்ற பெயருக்கு மூலமான இலத்தீன் வினைச்சொல்லின் பொருளும் 'கீழ்ப்படச் சேர்த்தல்' என்பதே. ஐயம் என்பது இப்பாங்கு வழங்கும் இடங்களுள் ஒன்று. அதுவே முழு இலக்கணம் அன்று.

தமிழ் பேசும் நமக்கு இது புதிதன்று. 'நீ வந்தாய் என்று அறிவேன்' என்னும்போது 'வந்தாய்' என்ற வினைமுற்றை முழுமையாக நிறுத்துகின்றோம். மகிழ்ச்சியைச் சொல்லவரும்போதோ, அம்முற்றை அழித்து, 'வந்தது', 'வந்தமை' என்று பெயராக்கிக்கொள்கின்றோம். இரு மொழிகளின் விதியும் ஒன்றே என்று நாம் வாதிட வரவில்லை. 'நீ வந்ததை அறிவேன்' என்றுந் தமிழிற் கூறலாம். ஆயினும், ஒரு செயலை அறிவிப்பது வேறு, அதனை அடிப்படையாக வைத்து மனநிலையைக் கூறுவது வேறு என்ற உணர்வு நம் நாவில் ஏற்கெனவே இருக்கின்றது. ஆங்கிலத்தில் இவ்விரு வாக்கியங்களிலும் வினை மாறாது நிற்கும். ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்கும் நம் பிள்ளைகள் இடறும் இடம் இதுவே.

ஆக்கும் முறை

இதனை ஆக்குதல் எளிது. துணைவினையின் நிகழ்காலச் சுப்ஜோங்க்திஃப் வடிவம் ஒன்று. அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்சம். இவ்வளவே. 'முடித்து' என்ற எச்சத்தோடு 'இரு' என்ற துணைவினை சேர்ந்து 'முடித்திரு' ஆவதை எண்ணிக்கொள்க. பிரெஞ்சில் வரிசை மட்டும் தலைகீழ்.

துணைவினைகள் இரண்டு. 'உடைமை' பொருளுள்ள ஆவுவார் என்பதே பெரும்பாலான வினைகளுக்கு உரியது. அதன் வடிவங்கள்: நான், நீ, அவன், அவர்கள் என்னும் நான்கிடத்தும் ஒலி 'ஏ', நாம் என்பதற்கு 'எயோன்', நீங்கள் என்பதற்கு 'எயே'. 'இருத்தல்' பொருளுள்ள ஏத்ர் என்பது போதல், வருதல், சேர்தல், புறப்படல், பிறத்தல், இறத்தல் முதலிய சில வினைகளுக்கும், தன்னையே சுட்டும் வினைகளுக்கும் உரியது. அதன் வடிவங்கள், முன்போல நான்கிடத்தும் 'சுவா', பின்னர் 'சுவாயோன்', 'சுவாயே'.

எச்சங்களுள் 'பேசு' என்பதற்குப் பார்லே, 'முடி' என்பதற்கு ஃபினி, 'வில்' என்பதற்கு வாந்தியு என்பன ஒழுங்கானவை. 'செய்' என்பதற்கு ஃபே, 'காண்' என்பதற்கு வியு, 'எடு' என்பதற்குப் ப்ரி, 'எழுது' என்பதற்கு எக்ரி என்பனபோன்ற ஒழுங்கற்றவற்றை மனனஞ் செய்தலே வழி. ஏத்ர் சேரும்போது, வந்தவள் பெண்ணாயின் 'வெனியு' என்பதன் ஈற்றில் ஒலியாத ஓரெழுத்தைக் கூட்டி எழுதவேண்டும். காது அதனைக் கேளாது. திருத்துநரின் கண் காணும்.

வழங்கும் இடங்கள்

முதலாவது, மகிழ்ச்சி, வருத்தம், அச்சம், வியப்பு முதலிய உணர்ச்சிகளின் பின். மாணவரின் வாக்கியம் இவ்வகையது.

இரண்டாவது, ஐயமும் மறுப்பும். 'அவன் வந்தான் என்று நினைக்கிறேன்' என்பதற்குச் சாதாரண வினையே போதும். 'அவன் வந்தான் என்று நான் நினைக்கவில்லை' என்று மறுத்தவுடன், 'கில் சுவா வெனியு' என மாறும்.

மூன்றாவது, சில இடைச்சொற்களின் பின். 'பியேன் கில் ஏ பிளியு, நூ சொம் சொர்தி' என்றால், 'மழை பெய்தும் நாங்கள் வெளியே சென்றோம்' என்பதாம். மழை பெய்ததில் ஐயம் உண்டோ? நனைந்தவர்களே சொல்கின்றார்கள். ஆயினும் சுப்ஜோங்க்திஃப் வருகின்றது. தமிழிலும் 'பெய்தது' என்ற முற்றுப் போய்ப் 'பெய்தும்' என்ற எச்சமே வருகின்றது.

நான்காவது, 'நான் வாசித்தவற்றுள் மிகச் சிறந்த நூல் இது' என்பதுபோல ஒன்றனை உச்சத்தில் வைத்துத் தம் கருத்தைக் கூறுமிடம்.

எச்சரிக்கை இரண்டு. 'நம்பியிருக்கிறேன்' என்ற பொருளில் வரும் எஸ்பெரே என்ற வினை, உடன்பாட்டில் சுப்ஜோங்க்திஃபை ஏற்காது. அவ்வாறே 'முன்னர்' என்ற ஆவான் கெ அதனை ஏற்கும். 'பின்னர்' என்ற ஆப்ரே கெ இலக்கணப்படி ஏற்காது. நடந்து முடிந்ததன் பின்னரே என்கிறோம் அல்லவா? ஆனால் பிரெஞ்சுக்காரர் பலரே பேச்சில் இவ்விடத்துத் தவறுவர்; அவர்களைப் பின்பற்றிப் பரீட்சையில் எழுதலாகாது.

காலமும் காதும்

இறந்தகாலம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். தலைமை வினைக்கோ குறித்த நேரத்துக்கோ முன்னர் முடிந்திருப்பது என்பதே இதன் பொருள். 'இல் ஃபோ கெ தியு ஏ ஃபினி ஆவான் மிதி' என்றால், 'நண்பகலுக்கு முன் நீ முடித்திருத்தல் வேண்டும்' என்பதாம். நண்பகல் இன்னும் வரவில்லை, வேலையும் முடியவில்லை. ஆயினும் வடிவம் இதுவே.

இன்னொரு மயக்கம் காதைச் சார்ந்தது. ஆவுவாரின் சுப்ஜோங்க்திஃபான 'ஏ' என்பதும், ஏத்ரின் சாதாரண நிகழ்காலமான 'ஏ' என்பதும் ஏறக்குறைய ஒரே ஒலி. எழுத்து மட்டும் வேறு. கேட்டபடி எழுதினால், 'அவன் உண்டமை' என எழுதவேண்டிய இடத்தில் 'அவன் உண்ணப்பட்டான்' என்று எழுதிவிட நேரும்!

முற்காலத்து நூல்களில் இப்பாங்குக்கு வேறும் இரண்டு கடந்தகால வடிவங்கள் உண்டு. இன்றைய பேச்சில் அவை வழங்குவதில்லை. 1976 டிசெம்பர் 28ஆந் திகதியிட்ட பிரெஞ்சுக் கல்வியமைச்சின் ஆணை, தலைமை வினை கடந்தகாலத்தில் இருக்கும்போது அவ்விரண்டுக்கும் பதிலாக நிகழ்கால வடிவத்தையும் நாம் இங்கு கூறிய வடிவத்தையும் பரீட்சைகளில் ஏற்கலாம் என்று இடங்கொடுத்தது. ஆகவே மாணாக்கர் எழுதப் பழகவேண்டிய இறந்தகாலச் சுப்ஜோங்க்திஃப் இஃதொன்றே. ஏனையவற்றை வாசித்து அறிந்தாற் போதும்.

பயிற்சிக்கு மூன்று வாக்கியங்கள்: 'அவன் கடிதம் எழுதினான் என்று நினைக்கிறேன்', 'அவன் கடிதம் எழுதினான் என்று நான் நினைக்கவில்லை', 'கடிதம் எழுதியும் அவன் அனுப்பவில்லை'. முதலாவதற்குச் சாதாரண வினை, ஏனைய இரண்டுக்கும் 'கில் ஏ எக்ரி'. காரணத்தைப் பிள்ளைகள் தம் வாயாற் சொல்லட்டும். பெற்றோர் பிரெஞ்சு அறியாதவராயினும், தமிழைக்கொண்டே அது சரியா எனக் கேட்டறியலாம்.

மாணவர் இழந்த புள்ளியை மீட்டுக்கொடுக்க எம்மால் இயலாது. இங்கு எழுதியவற்றையெல்லாம் விரித்து அவருக்கு மறுமொழி அனுப்பினோம். அதன் இறுதியில் பிரெஞ்சில் ஒரே ஒரு வரி எழுதினோம்: 'ஜெ ரெக்ரெத் கெ வூ ஸெயே பேர்தியு தே புவேன்' (தாங்கள் புள்ளி இழந்தமைக்கு வருந்துகிறேன்). அவர் புள்ளி இழந்தது உண்மை. அதில் ஐயம் சிறிதும் இல்லை. நாம் சொல்ல வந்தது எமது வருத்தத்தை.