கொட்டகைக்குள் ஒரு பாறை

சுவரேறுதல் கள்வர்க்குரிய கலை என்று எண்ணியிருந்த பெரியோரும், 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்ற பின் வாய் திறப்பதில்லை. கார் நிற்கும் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஏறுசுவர் அமைக்கலாமா என்று அன்பர் சிலர் நம்மை வினவியுள்ளனர். தாராளமாக அமைக்கலாம். கார் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆயின் நம்மவர் குடியிருப்பது பெரும்பாலும் வாடகை வீடு, அல்லது குவார்ட்டர்ஸ். அதன் சுவரைத் துளைக்க நமக்கு உரிமையில்லை. பழைய செங்கற்சுவரை நம்பிப் பிள்ளைகளைத் தொங்கவிடுதலும் தகாது. தன் காலில் நிற்கும் மரச்சட்டமே ஏற்றது. ஆணி அறையாமல் போல்ட்டுப் பூட்டி இணைத்தால், மாற்றல் உத்தரவு வரும் நாளில் கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை, 18 மில்லிமீட்டர் கனம் வேண்டும். எட்டு அங்குலத்துக்கொரு துளையிட்டு, சட்டத்தில் ஏற்றுமுன்னரே பின்புறமிருந்து டி-நட்டுகளை அடித்துவிடுக. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்குச் சாய்மானக் கணக்கு இனிக்கிறது. பலகையை நிமிர்நிலையிலிருந்து 30 பாகை முன்சாய்த்தால் உயரம் ஏறக்குறைய ஏழடி. முன்னே நாலடி துருத்தும். 15 பாகையாயின் உயரம் ஏழே முக்காலடி, துருத்தல் இரண்டடி. தொடங்குவோர்க்கு இதுவே போதும். இருபுறத்து அடிக்கட்டைகளும் பலகையின் மேல்நுனியைத் தாண்டி முன்னே நீள வேண்டும். இல்லையேல் ஏறுபவரோடு சட்டமும் கவிழும். கட்டைகளுக்கிடையே மெத்தைகளை நெருக்கி விரித்துத் தார்ப்பாய் இழுத்துக் கட்டுக. மெத்தை இடுக்கில் கால் புகுந்தால் கணுக்கால் பிசகும்.

ஜெர்மானிய வீரர் வொல்ப்காங் குல்லிக் 1988இல் நியூரம்பர்க் நகரத்துப் பயிற்சிக் கூடமொன்றில், சாய்பலகையில் மெல்லிய மரச்சட்டங்களை ஏணிப்படிபோல் பொருத்தி, கால் ஊன்றாது விரலாலேயே தாவிப் பழகினார். அதைப் படத்தில் கண்ட பிள்ளைகள் நமக்கும் வேண்டும் என்பர். கொடுக்கலாகாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் விரலெலும்பின் வளர்முனை முற்றியிராது; ஓயாது தொங்கினால் அங்கே விரிசல் காணும். நடுக்கணு வலிக்கிறதென்று பிள்ளை சொன்னால் தைலம் தடவுவதோடு நில்லாது, ஏற்றத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுக. போட்டி நெருங்குகையில் வலியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. விரலைத் தாய்மார் தாமே தொட்டுப் பார்ப்பது நலம்.

தில்லி அன்பர்கள் மரம் வாங்குமுன் இந்தியன் மவுண்டனீரிங் பவுண்டேஷனில் உள்ள செயற்கைச் சுவரை ஒருமுறை பார்த்து வரலாம்.