தித்தன் காணாத ஆட்டம்

வஹகோட்டையில் என் இல்லத்தெதிரே சிறு வெளியொன்று உண்டு. மாலைதோறும் அங்கே உதைபந்தாடும் மாணாக்கர், இங்கிலாந்துக் கழக வீரர்தம் பெயர்களைப் பிழையின்றி ஒப்புவிப்பர்; நன்னூற் சூத்திரங்களை அவ்வண்ணம் ஒப்புவித்ததில்லை! பீற்றர் தங்கராஜ் யாரென்று ஒருநாள் வினவினேன். "மாத்தளையிற் கடை வைத்திருப்பவரா, ஐயா?" என்றான் ஒருவன்.

பிழை அவனதன்று, சொல்லிக்கொடாத எம்முடையது.

1935இல் பிறந்த தங்கராஜ் முன்வரிசை வீரராகத் தொடங்கிப் பின்னரே கோல் காப்பாளரானவர். மதராஸ் இராணுவப் படைப்பிரிவின் அணி 1955, 1958 ஆம் ஆண்டுகளில் டுராண்ட் கிண்ணம் வென்றபோது அதில் ஆடியவர். 1956 மெல்பேர்ண், 1960 உரோம் ஒலிம்பிக் விழாக்களுக்குச் சென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றவர். 1962இல் யகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில், அரங்கம் முழுவதும் இந்தியரை இகழ்ந்து ஆர்ப்பரிக்க, அவ்வாரவாரத்தின் நடுவே கோல் காத்து நின்றார். தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. கோல் அடித்த பானர்ஜியையும் ஜர்னயில் சிங்கையும் ஊர் நினைக்கிறது. காப்பாளன் நிலை வேறு: பத்துப் பந்து தடுத்ததை மறப்பர், தவறவிட்ட ஒன்றை மறவார். (ஆசிரியத் தொழிலும் இதற்கு அயலன்று.) 1967இல் அருச்சுனா விருது பெற்ற அவர் 2008இல் மறைந்தார்.

விளையாட்டு இலக்கியத்துக்குப் புறம்பு என்னும் பண்டிதர்களை, யானும் அக்கூட்டத்தவனே, ஒன்று கேட்பேன். புறநானூற்றின் 80ஆம் பாடல் எதனைப் பாடுகின்றது? ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய மற்போரையன்றோ! கால் எங்கே ஊன்றிற்று, எவ்வாறு மடக்கிற்று என்பதுவரை சாத்தந்தையார் கண்ணாரக் கண்டு உரைக்கின்றார். மகனோடு மாறுபட்டிருந்த தித்தன், மகிழினும் மகிழாவிடினும் அதனைக் காணல்வேண்டும் என்பது அவர் வேட்கை. இத்துணையாண்டுகள் கற்பித்தும் அவ்வேட்கை எனக்கு உறைத்ததில்லை.

சென்ற ஆண்டு, கோல் காத்து நின்ற மாணவனொருவனை, பரீட்சை நெருங்கிற்றென்று கடிந்து வெளியினின்று அழைத்துவந்தேன். அவன் பந்து தடுக்கும் திறத்தை ஒருநாளேனும் நின்று பார்த்தேனல்லேன். அவன் பரீட்சையிலும் தேறவில்லை, வெளிக்கும் திரும்பவில்லை.

அடுத்த தவணையில் அப்பாடலை நடத்தும்போது யகார்த்தாவையும் சேர்த்தே சொல்லவிருக்கிறேன். அவன் கடைசி வாங்கில் இருப்பான்.