ஆயரைக் கேள்வி கேட்பது துரோகமா?



"வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டு வராதே" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. திருச்சபைக்குள் இருக்கும் சாதியைப் பற்றிப் பேசுகிற தலித் இளைஞர்களிடம் இதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறார்கள். "தேவாலயங்கள் தாக்கப்படுகிற காலம் இது. இப்போது போய் ஆயர்களைப் பொதுவெளியில் விமர்சித்தால் யாருக்கு லாபம்? சங்கிகளுக்குத்தானே?" இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நேராகவே பதில் சொல்வோம்.

முதலில் உரிமை. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். திருச்சபையின் நன்மை சார்ந்த விஷயங்களில் தம் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு. சில நேரங்களில் அது கடமையும்கூட என்கிறது அது. அந்தக் கருத்தை மற்ற விசுவாசிகளும் அறியச் செய்யலாம் என்றும் சொல்கிறது. விசுவாசத்துக்கு ஊறு வராமல், மேய்ப்பர்களுக்கு மரியாதை குறையாமல், பொதுநன்மையையும் மனித மாண்பையும் மனதில் வைத்துச் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. மரியாதையோடு பேசு என்கிறது சட்டம். வாயை மூடு என்று சொல்லவில்லை.

சட்டத்துக்கு முன்பே விவிலியம் இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அந்தியோக்கியாவில் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்ததாகப் பவுல் எழுதுகிறார். அதுவும் எல்லார் முன்னிலையிலும். என்ன தகராறு? பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். யாரோடு பந்தியில் உட்காருவது என்பதுதான் பிரச்சினை. திருச்சபையின் முதல் தலைவரே பந்தியிலிருந்து எழுந்து போனபோது, தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லவில்லை பவுல். தவறு எல்லார் முன்பும் நடந்தது, கண்டிப்பும் எல்லார் முன்பும் நடந்தது. பந்தியின் பெயரால் ஒதுக்கப்பட்ட நமக்கு இந்தப் பகுதியை விளக்க யாரும் தேவையில்லை.

"முதலில் உள்ளுக்குள் பேசலாமே?" என்பார்கள். பேசலாம். முதலில் தனியாகச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்று மத்தேயு 18 வழி காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்தவர்கள் நாம். 2003-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டுக்கு இடமே இல்லை என்று அவர்கள் முன்னாலேயே வலியுறுத்தினார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை அதில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அவர்களே அச்சடித்துச் சொன்னதை நாம் திருப்பிச் சொன்னால் அவதூறு ஆகுமா?

பேசாமல் இருந்தால் ஒற்றுமை காக்கப்படும் என்பதும் பொய். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரை நினைத்துப் பாருங்கள். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிற வன்னியர் கிறிஸ்தவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தீர்க்காமல் மூடி வைத்த பிரச்சினை ஒருநாள் இப்படித்தான் தெருவுக்கு வரும்.

இனி முக்கியமான விஷயம். நம் மௌனத்துக்கு நீதிமன்றத்தில் ஒரு விலை இருக்கிறது.

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் வழக்கு தொடுத்தார். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1985-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது. அந்தச் சாதிக்குரிய இழிவுகள் புதிய மதச் சமூகத்துக்குள்ளும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும், அதற்கான ஆதாரம் இங்கே இல்லை என்றது நீதிமன்றம். 2022-ல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலிலும் இதே பாட்டுத்தான்: கிறிஸ்தவத்தில் அப்படிப்பட்ட ஒடுக்குமுறை இருந்ததில்லை.

இப்போது சொல்லுங்கள். "நம் பங்கில் சாதியே இல்லை" என்று பங்குத்தந்தையோ ஆயரோ மேடையில் பேசினால் அது யாருக்குச் சாதகமான சாட்சியம்? பட்டியல் சாதித் தகுதி கேட்டு ஆயர்கள் நம்மோடு ஊர்வலம் வருகிறார்கள். அதை மதிக்கிறோம். ஆனால் டெல்லியில் "எங்கள் மக்கள் ஒடுக்கப்பட்டவர்கள்" என்று சொல்லிவிட்டு, ஊரில் அந்த ஒடுக்குமுறையைப் பேசுகிறவனைக் கலகக்காரன் என்பது எந்த நியாயம்?

நாம் பேசுவதைச் சங்கிகள் பயன்படுத்துவார்கள் என்பது உண்மை. "மாறியும் என்ன கிடைத்தது, திரும்பி வா" என்பார்கள். சாதியை உற்பத்தி செய்த வீட்டுக்கே திரும்பக் கூப்பிடுகிறவர்களுக்கு நம் பதிலை அதே மூச்சில் சொல்ல வேண்டும். அவர்கள் மேடையில் ஏற மாட்டோம். அவர்களுக்குப் பயந்து நம் மேடையிலிருந்து இறங்கவும் மாட்டோம்.

எப்படிப் பேசுவது என்பதில் நமக்கும் ஒழுங்கு வேண்டும். ஆளின் அந்தரங்கத்தை விட்டுவிட்டு, அவர் எடுத்த முடிவை விமர்சியுங்கள். வாட்ஸ்அப் வதந்தி ஆதாரம் ஆகாது. உங்கள் பங்கிலிருந்தே தொடங்குங்கள்: திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை வருகிறது? கல்லறையில் யார் எந்தப் பக்கம்? பங்குப் பேரவையில் தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? மறைமாவட்டப் பள்ளிகளில் வேலை யாருக்குக் கிடைத்தது? தேதி போட்டு எழுதி ஆயருக்கு அனுப்புங்கள், பதிலுக்குக் கெடு வையுங்கள். கெடு முடிந்தால் வெளியிடுங்கள். அருந்ததியர் தோழர்களும் பெண் தோழர்களும் நம் அமைப்பைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்டால், நாமும் அதே கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

2022-ல்தான் முதல் தலித் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டார். இந்தியத் திருச்சபையின் வரலாற்றில் அதற்கு இத்தனை காலம் ஆனது. நாம் அமைதியாகக் காத்திருந்ததால் அது வந்துவிடவில்லை. அடுத்ததும் அப்படி வராது.