தவணை முறையில் ஒரு தோல்

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை நமக்குத் தெரியும். இப்போது அந்தக் கொள்ளிக்கட்டைக்கு லேசர் என்று பெயர். ஏ.சி. அறையில், வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கையால், எட்டு சிட்டிங்கில் வைத்து விடுகிறார்கள்.

கையிலும் தொடையிலும் பொடிப்பொடியாக மேடு தட்டியிருக்கிறதா? தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறதா? ஷேவ் செய்த தாடையில் முண்டு முண்டாக எழும்புகிறதா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. 'முடியை லேசர் போட்டு எடுத்துடலாம் மேடம். மேடு தானா அடங்கிடும். பெர்மனென்ட்!' இது ஏதோ சென்னை, கோவை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் இருக்கிற ஊரில் எல்லாம் இந்தக் கடையும் வந்துவிட்டது.

எனக்கு வந்த ஒரு கடிதத்தைப் படியுங்கள். எழுதிய பெண் பிறந்து வளர்ந்தது மாஞ்சோலை.

'மலையில இருந்தவரைக்கும் ஸ்வெட்டர் போட்டே வளந்தோம் சார். என் கை எப்படி இருக்குன்னு நானே சரியாப் பாத்ததில்ல. கீழ வந்து ஜவுளிக்கடையில வேலை. அரைக்கை யூனிஃபார்ம். உரிச்ச கோழி மாதிரி இருக்குன்னு கூட வேலை பாக்கிற பிள்ளைக சிரிக்குதுக. லேசர் சென்டர்ல எட்டு சிட்டிங் நாப்பதாயிரம் சொல்லுதாங்க. மாசம் நாலாயிரம், பத்து மாசம், வட்டியே கிடையாதாம். மொத்தமாக் கட்டினா முப்பத்திநாலாயிரம் போதுமாம். அம்மாவுக்கு வந்த செட்டில்மென்ட் பணம் கொஞ்சம் பேங்க்ல கிடக்கு. செய்யலாமா சார்?'

இந்த செட்டில்மென்ட் பணம் எப்படிப்பட்ட பணம் என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட காடு. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024-ல், 'விருப்ப ஓய்வு' கொடுத்து ஜனங்களை இறக்கிவிட்டார்கள். விருப்பம் யாருடையது என்பதைத் தனியாக எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியில் கொழுந்து பறித்ததற்குக் கடைசியாகக் கைக்கு வந்த காசு அது. அந்தக் காசைத்தான் லேசர்காரர் குறி பார்க்கிறார்.

நான் டாக்டர் இல்லை. படித்தது பி.காம். ஆனால் டாக்டர்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதைப் படித்துப் புரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். தேவையில்லை. அவர்கள் சொல்லும் முதல் பாடம்: மேடு எல்லாம் ஒரே மேடு இல்லை.

அந்தப் பெண் சொல்கிற கோழித்தோலுக்கு மருத்துவத்தில் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்று பெயர். முடி முளைக்கிற துளையின் வாயில் கெரட்டின் என்ற புரதம் அடைத்துக்கொண்டு மேடு தட்டுகிறது. பெரும்பாலும் பரம்பரை வாகு. ஒட்டாது, பரவாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது. நிறையப் பேருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். அதற்கு யூரியா கலந்த களிம்பு, லாக்டிக் அமிலக் களிம்பு என்று மலிவான மருந்துகள் இருக்கின்றன. குளித்த ஈரம் காய்வதற்குள் தோல் வறளாமல் எதையாவது தடவ வேண்டும். பீர்க்கங்காய் நார் போட்டுப் பரக் பரக்கென்று தேய்த்தால் புண்தான் ஆகும். தடவுவதை நிறுத்தினால் மேடு திரும்பி வரும் என்பதும் உண்மை. ஏனென்றால் அது நோயை விடத் தோலின் சுபாவம். சுபாவத்தைப் போய் பெர்மனென்ட்டாக எரித்துவிடுகிறேன் என்கிறார்கள்.

இரண்டாவது வகை, ஷேவ் செய்த முடி சுருண்டு மறுபடி தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளர்வது. இங்கே குற்றவாளி நிஜமாகவே முடிதான். முடி போனால் மேடு போகும். தினசரி ஷேவிங் கட்டாயமான அமெரிக்க ராணுவத்தில், சுருட்டை முடி கொண்ட கறுப்பினச் சிப்பாய்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர்களுக்கு லேசர் உதவியிருக்கிறது. ஆக, லேசர் மோசடி என்று நான் சொல்லவில்லை. கத்தி நல்ல கத்திதான். யார் கையில், எதை வெட்ட என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வகையைத்தான் நாம் மறந்தே போனோம். கொழும்பில் வேலை பார்த்த லூசியஸ் நிக்கல்ஸ் என்ற டாக்டர், 1933-ல் ஒருவகை மேடு தட்டிய தோலைப் பற்றி எழுதினார். தேரைத்தோல் என்று அர்த்தம் வரும்படி ஒரு கிரேக்கப் பெயரும் வைத்தார். சத்தில்லாத சாப்பாடுதான் காரணம் என்றார். அடுத்த சில வருஷங்களில் நம்ம குன்னூரில் இருந்த சத்துணவு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த அய்க்ராய்டும் ராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, அதே தேரைத்தோலைப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவா, கொழுப்புச் சத்துக் குறைவா, பி வைட்டமினா என்று விஞ்ஞானிகள் பிற்பாடு வாதாடிக்கொண்டார்கள். மருந்து என்னவோ சாப்பாடுதான். அன்றைய டாக்டர் ஒரு பிள்ளையின் முழங்கையைத் தடவிப் பார்த்து, 'இவன் வீட்டில் என்ன சாப்பிடுகிறான்?' என்று கேட்டார். இன்றைய 'ஸ்கின் கன்சல்டன்ட்' அதே கையைப் பார்த்து, 'கூகுள் பே-யா, கார்டா?' என்று கேட்கிறார்.

முகத்தில் திடீரென்று முடியும் பருவும் சேர்ந்து வருகிறதா? மாதவிலக்கு தள்ளிப் போகிறதா? ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதைப் பரிசோதிக்காமல் லேசர் அடித்தால், ஒழுகுகிற குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான். அதிலும் ஒரு கொடுமை, முகத்தில் லேசர் போட்ட சிலருக்கு, முக்கியமாக நம்மைப் போன்ற மாநிறத் தோலும் ஹார்மோன் கோளாறும் இருப்பவர்களுக்கு, முடி குறைவதற்குப் பதில் கூடுதலாக முளைக்கிறது. மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம் இது. விளம்பர நோட்டீஸில் இருக்காது.

லேசர் எப்படி வேலை செய்கிறது? அந்த ஒளி கறுப்பைத் தேடிப் போகும். முடியில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர் பொசுங்கும். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் வகுத்த தத்துவம் இது. சிக்கல் எங்கே என்றால், மெலனின் தோலிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் தோலில் கறுப்பு முடி, வெள்ளைத் தாளில் மசிக்கோடு. நம் தோலில் அது கறுப்புத் துணியில் கறுப்பு நூல். நூலை மட்டும் எரித்துத் துணியைக் காப்பாற்ற, சரியான அலைநீளம் வேண்டும், சரியான குளிரூட்டல் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே அனுபவம் உள்ள கை வேண்டும். இல்லாவிட்டால் கொப்புளம், அது ஆறினால் மாசக்கணக்கில் கருந்திட்டு. மேடு போக வந்தவர் திட்டோடு வீட்டுக்குப் போவார்.

கோழித்தோலுக்கு லேசர் பலன் தரும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சின்ன ஆய்வு. சிகிச்சையை முடித்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. சொரசொரப்பு ஓரளவு குறைந்தது, சிவப்பு குறையவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் எல்லாருமே வெளிறிய தோல் வகையினர்! அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் தாமிரபரணிக் கரை மாநிறத்துக்கு மருந்து விற்கிறார்கள்.

'பெர்மனென்ட்' என்ற வார்த்தையையும் பார்த்துவிடலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசர் கம்பெனிகளுக்கு அனுமதித்த வாசகம் 'நிரந்தரமாக முடி குறைப்பு'. 'நிரந்தரமாக முடி நீக்கம்' இல்லை. ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த ஒரு வார்த்தையின் விலைதான் நாற்பதாயிரம்.

சரி, இனி என் பாடத்துக்கு வருகிறேன். கணக்கு.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. நான் சொல்லவில்லை, ரிசர்வ் வங்கியே 2013-ல் பூஜ்ய சதவிகித வட்டி என்பதே இல்லாத ஒன்று என்று வங்கிகளைக் கண்டித்தது. அந்தப் பெண்ணின் கணக்கையே போடுவோம். ரொக்கம் 34,000. தவணையில் 4,000 வீதம் பத்து மாதம், 40,000. இடையில் உள்ள ஆறாயிரம் என்ன, மொய்ப் பணமா? கணக்குப் போட்டால் மாதம் மூணு வட்டிக்குச் சற்று மேலே வருகிறது. கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் 2017-ல் ஒரு குடும்பமே கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்த ஊர் திருநெல்வேலி. அதே ஊரில் மூணு வட்டி, பூப்போட்ட பாக்கேஜ் கவருக்குள் சிரித்துக்கொண்டு வருகிறது.

அடுத்தது பில். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. முடி நடுவதற்கும் ஒப்பனை அறுவைக்கும், பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்ற காரணம் இல்லாவிட்டால், அந்த விலக்குக் கிடையாது. எனவே ரசீது கேளுங்கள். ஜிஎஸ்டி போட்டிருந்தால், உங்களிடம் 'ட்ரீட்மென்ட்' என்று சொன்னவர், அரசாங்கத்திடம் 'இது அழகுச் சேவை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வரி போடவில்லையா? அப்படியானால் இது மருத்துவம். எந்த டாக்டர் பரிசோதித்தார், அவர் பதிவு எண் என்ன? ரசீதே தர மாட்டேன் என்கிறாரா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் இல்லை. 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரை விட்டார். அந்த இடம் அழகு நிலையத்துக்கான உரிமத்தில் நடந்தது என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். இருபத்தோரு வருஷம்! 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கில் உட்கார்ந்தும் யூ-டியூப் பார்த்தும் அழகு சிகிச்சை செய்யக் கிளம்பாதீர்கள் என்று டாக்டர்களுக்கே எழுத வேண்டி வந்தது. டாக்டர்களுக்கே இந்த அறிவுரை என்றால், பத்து நாள் டிரெய்னிங்கில் லேசர் துப்பாக்கியைத் தூக்குகிறவர்களுக்கு யார் சொல்வது?

'ஒரு பொண்ணு அழகா இருக்கணும்னு ஆசைப்படறது தப்பா? அவ காசு, அவ தோல், உனக்கென்ன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆசை தப்பே இல்லை. விவரம் எல்லாம் தெரிந்து, டாக்டரிடம் காட்டி, கையில் காசும் இருந்து ஒருவர் செய்துகொண்டால் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஆசையை ஆசை என்று சொல்லி விற்கட்டும். நோய் என்று பயங்காட்டி விற்கக் கூடாது. நாலுமுக்கிலும் ஊத்திலும் பிறந்த ஒரு பெண்ணை வாழ்க்கையில் முதல்முதலாக 'மேடம்' என்று கூப்பிட்ட இடம் அந்த ஏ.சி. அறையாக இருக்கலாம். அந்த ஒரு மரியாதைக்காகவே கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். அது அவருடைய தப்பில்லை. மரியாதையை அவ்வளவு அரிதாக்கி வைத்திருக்கிற நம் தப்பு.

அந்தப் பெண்ணுக்கு என் பதில்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தோல் பிரிவில் காட்டுங்கள். வரிசையில் நிற்க வேண்டும், காசு வேண்டாம். டாக்டர் லேசர்தான் வேண்டும் என்றால் அப்போது யோசிக்கலாம். அம்மாவின் பணம் பேங்கிலேயே கிடக்கட்டும். சிரிக்கிற பிள்ளைகளிடம், இது ஒட்டாத வியாதி, சிரிப்புதான் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். டீக்கடை நடத்தவே உணவுப் பாதுகாப்பு உரிமத்தைச் சுவரில் மாட்டச் சொல்கிறீர்கள். லேசர் மெஷின் வைத்திருக்கிற ஒவ்வொரு கடையிலும், அதை இயக்குகிறவரின் பெயர், படிப்பு, மேற்பார்க்கும் டாக்டரின் பதிவு எண் மூன்றையும் வாசலில் தமிழில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். கூடவே விலையையும். அந்தப் போர்டை மாட்ட எத்தனை கடைகள் தயங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எந்த மேட்டை முதலில் அகற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.