2025-ல் சட்டம் 12.7 சென்ட்னு சொல்லுச்சு, உங்க கான்ட்ராக்ட் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் பாட்டு எழுதுறவங்களுக்குச் சட்டமே ஒரு ரேட் வெச்சிருக்கு. பேரு மெக்கானிக்கல் ராயல்டி. 5 நிமிஷத்துக்குள்ள இருக்கிற பாட்டுன்னா, விற்கிற ஒவ்வொரு சிடிக்கும் பாட்டுக்கு 12.7 சென்ட். இது 2025-ல் இருந்த ரேட்.

ஆனா பாடகரே பாட்டும் எழுதினா, ரெக்கார்டிங் கான்ட்ராக்டில் ‘கன்ட்ரோல்டு காம்போசிஷன்’னு ஒரு பிரிவு வரும். சட்ட ரேட்டில் 75% தான் தருவோம், அதுவும் ஆல்பத்துக்கு 10 பாட்டுக்குத்தான்னு சொல்றது வழக்கம்.

கணக்குப் போடுவோம். 12 பாட்டும் சொந்தமா எழுதின ஆல்பம், 1 லட்சம் சிடி விற்குது. முழு ரேட்டில் 1,52,400 டாலர். இந்தப் பிரிவுப்படி 95,250 டாலர். ஒரே பாராவில் 57,150 டாலர் போச்சு!

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாச்சுன்னா செல்லும்.

என்னைக் கேட்டா, அட்வான்ஸுக்குப் பேரம் பேசுறதைவிட இதைப் பேசுறதுதான் முக்கியம். அட்வான்ஸைப் பாடகர் ராயல்டியில் கம்பெனி பிடிச்சுக்கும். மெக்கானிக்கல் ராயல்டியை வழக்கமா அதில் பிடிக்க மாட்டாங்க; முதல் சிடியிலிருந்தே கைக்கு வரும். அதைக் குறைக்க விடலாமா?

உங்க ஆஃபர் லெட்டரும் இப்படித்தான். சிடிசி பெரிய எழுத்தில் இருக்கும். வேரியபிள் பே எப்போ, எந்த நிபந்தனையில் வரும்ங்கிறது உள்பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.