நாடி பார்த்த பின்னரே முடிவு

மின்னழுத்தம் ஒரு கணம் பொங்கித் தணிந்தது. மேசைக் கணினி அசைவற்றுக் கிடக்கின்றது. எழுதியவை யாவும் அழிந்தன என்று மாணவர் கலங்குவர். நாடி பாராமல் நாம் முடிவு கூறலாகாது. முதலடியைப் பெரும்பாலும் தாங்குவது ‘பவர் சப்ளை’ எனும் மின்வழங்கிப் பெட்டியே.

அதே மின்னிணைப்பில் மேசைவிளக்கொன்றை ஏற்றிப் பார்ப்போம். அது எரிந்து, கணினியில் கருகிய வாடையும் இல்லையாயின், வடத்தைக் கழற்றித் தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் இணைத்து முயல்வோம். காவலுக்காகத் தன்னை நிறுத்திக்கொண்ட பெட்டி சிலவேளை விழித்தெழும். எழாவிடின், திருத்துநர் வேறொரு நல்ல பெட்டியை மாட்டிச் சோதிக்கட்டும்.

பெட்டியை நாமே திறத்தல் ஆகாது: வடத்தைக் கழற்றிய பின்னும் அதன் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருத்தல் கூடும்.

வன்தட்டோ பலவேளைகளில் பிழைத்திருக்கும். அதனை வேறு கணினியில் இணைத்து எழுதியவற்றை மீட்டபின், புதியது வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.